மனநலத்துக்கு யாரிடம் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மனநலம் என்று வாயெடுத்தாலே 'தஞ்சோங் ரம்புத்தானா?' என்றுதான் கேட்கிறார்கள். 1911இல் அங்கே திறந்த பெரிய மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் முதலில் போக வேண்டிய இடம் டவுனில் உள்ள அரசாங்க கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்.

அங்கே போய் "உடம்பு வலி, தூக்கம் வரல" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்பி வர வேண்டியதுதான். எத்தனை வாரமாக இப்படி, விடியற்காலை எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு எவ்வளவு குறைந்தது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பதைச் சொல்லுங்கள். தைராய்டு கோளாறும் இரத்தச்சோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால் டாக்டர் இரத்தப் பரிசோதனை கேட்கலாம். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் தரலாம். கடந்த 2 வாரங்களைப் பற்றிய கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, கூட்டினால் அதிகபட்சம் 27. கடைசிக் கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் வந்ததா என்பது. கூட வந்தவர் எட்டிப் பார்க்கிறாரே என்று பலர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துவிடுகிறார்கள். பிறகு டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்? தயவுசெய்து தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள். மலாய் புரியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியிடம் கேளுங்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரையைப் பல நேரம் அந்தக் கிளினிக்கிலேயே தொடங்கலாம். நோய் கடுமையாக இருந்தால், காதில் குரல் கேட்டால், யாரோ கொல்ல வருவதாக ஒருவர் நம்பினால், மருத்துவமனை மனநல நிபுணருக்கு (சைக்கியாட்ரிஸ்ட்) கடிதம் தருவார்கள். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன் மேல் மனநலம் படித்த டாக்டர். அரசாங்க மருத்துவமனையில் அவரைப் பார்க்க 5 ரிங்கிட். அவரை 'நரம்பு டாக்டர்' என்று சொல்லிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நரம்பியல் நிபுணர் பார்ப்பது வலிப்பு, பக்கவாதம் போன்றவற்றை.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். நோயின் தன்மையைச் சோதனைகளால் கணிப்பார். பயம், பதற்றம், மனச்சோர்வுக்குப் பல வாரங்கள் தொடர்ந்து பேச்சுச் சிகிச்சை கொடுப்பார். கவுன்சிலர் குடும்பச் சண்டை, இழப்பு, படிப்பு, குடிப்பழக்கம் போன்றவற்றில் துணை நிற்பார்; அவரும் மருந்து எழுதுவதில்லை. தனியாரிடம் போகிறவர்கள் காசு கட்டும் முன் பதிவைக் கேளுங்கள். கவுன்சிலர்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியக் கவுன்சிலர் வாரியத்தில் பதிவும், காலாவதியாகாத தொழில் சான்றிதழும் இருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டி 'மனநல ஆலோசகர்' என்று போர்டு வைப்பவர்களிடம் ஏழைக் குடும்பங்கள் பணத்தைக் கொட்டுவது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பதிவு எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் உட்காராதீர்கள்.

சிகிச்சை பாதியில் நிற்பது பெரும்பாலும் மாத்திரையில்தான். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். குமட்டலும் தலைசுற்றலும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரியுமுன் தொல்லை தெரிவதால், 'இது ஒத்துக்கல' என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் மனம் தெளிந்ததும் நிறுத்துகிறார்கள். தெளிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் எடுக்க வேண்டும். இல்லையென்றால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். நிறுத்துவதும் டாக்டர் சொல்படி, சிறுகச் சிறுகத்தான். கோவிலுக்குப் போகட்டும், தாயத்து கட்டட்டும், அதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் 999ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேரே கூட்டிப் போங்கள். பேச ஆள் வேண்டுமானால் சுகாதார அமைச்சின் 15555 இருக்கிறது. 24 மணி நேரமும் 15999 இருக்கிறது. போலீஸ் கேஸாகும் என்று பயந்து குடும்பத்தார் மறைக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

மனநலத் துறைப் பணியாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.