கணவரிடம் போகக் காத்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

மார்த்தாண்டத்தில் ஓர் ஏஜென்சியில் பணத்தைக் கட்டி, உன் பிரிட்டன் விசா விண்ணப்பத்தை அவர்களே நிரப்பி அனுப்பும்படி விட்டுவிடலாமா என்று சித்தி போன் செய்து கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன். காரணத்தைப் போனில் முழுதாகச் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிய பிறகு, கட்டுக் காகிதங்களோடு யாரைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பலர் இருப்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

உன் விண்ணப்பத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரி அநேகமாக உன்னை நேரில் பார்க்கமாட்டார். நம் ஊர் கருங்கல் எங்கே இருக்கிறது, உங்கள் இரண்டு வீட்டாரும் எத்தனை தலைமுறையாகப் பழகியவர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. நீ அனுப்பும் ஆவணங்களை வைத்துத்தான் அவர் உன்னை அறிந்துகொள்ள வேண்டும். யார் தட்டச்சு செய்து கொடுத்தாலும் அந்தப் படிவத்தில் இருப்பது உன் வாக்குமூலம், அதற்குப் பொறுப்பும் நீதான். "அழகாக இருக்கட்டும்" என்று ஏஜென்ட் சேர்க்கும் ஒரு பொய்த் தகவல் பிடிபட்டால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு போகாது. அந்தக் குறிப்பு பின்னாளில் நீ செய்யும் விண்ணப்பங்களிலும் எதிர்ப்படும், பல வகை விசாக்களுக்கு 10 ஆண்டுத் தடையும் வரும். அதனால் படிவத்தை நீயே நிரப்பு. செவிலியர் பட்டம் படித்த உனக்கு அது கடினமே அல்ல.

முதலில் உன் பெயரைச் சரிபார். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. கோயிலில், அதாவது நம் தேவாலயத்தில், கல்யாணப் பதிவேட்டில் எழுதும்போது ஞானஸ்நானப் பெயரைச் சேர்த்து, அப்பாவின் பெயரை வெறும் இனிஷியலாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தே சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துவிட்டால், அங்கிருக்கும் பெண்ணும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெண்ணும் வேறு வேறு ஆளாகத் தெரிவார்கள். நம் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள சிக்கல். கோயில் கொடுத்த சான்றிதழோடு நின்றுவிடாதே. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், தாமதமானால் கூடுதல் கட்டணம் உண்டு. பதியும்போது உன் பெயரும் அவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று படித்துப் பார்; பிழை இருந்தால் திருத்தி வாங்கிய பிறகே விண்ணப்பி. உனக்கு வேறு பெயர் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும், அங்கே ஞானஸ்நானப் பெயரை மறைக்காமல் எழுது.

கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று உறவினர்கள் சொல்வார்கள். இந்த விசாவுக்கு அது தேவையில்லை. அதேபோல, சான்றிதழ் வெளிநாட்டில் செல்லும் என்று அரசு போடும் அப்போஸ்டில் முத்திரையை வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே. பிரிட்டன் இந்த விசாவுக்கு அதைக் கேட்பதில்லை. தமிழில் உள்ள ஆவணங்களுக்குத்தான் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், மூலத்துக்குச் சரியானது என்ற உறுதிமொழி ஆகியவை இருக்க வேண்டும்.

வருமானம் மாப்பிள்ளை காட்ட வேண்டியது. அவருக்கு அங்கே நிரந்தர வாழுரிமை கிடைத்துவிட்டதால் நீ மனைவி விசாவில்தான் போகிறாய். முன்பு 18,600 பவுண்டாக இருந்த குறைந்தபட்ச ஆண்டு வருமானத்தை 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். நீ இங்கே வாங்கும் சம்பளம் அதில் சேராது. சித்தப்பா பெருமையோடு சொல்லும் ரப்பர் தோட்டமும், உனக்குப் போட்ட நகையும் சேரா. ஒரே இடத்தில் வேலை செய்பவர் என்றால் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அதே சம்பளம் வரவாகியிருக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட், வேலை கொடுத்தவரின் கடிதம் ஆகியவை போதும். கடைசிச் சம்பளச் சீட்டும் ஸ்டேட்மென்டும் நீ விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 28 நாட்களுக்குள் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டிவந்தவர்கள் உண்டு.

பெண்கள் அதிகம் பயப்படுவது, இந்த உறவு உண்மையானது என்று காட்டும் பகுதிக்குத்தான். பெரியவர்கள் பார்த்து நடத்திய கல்யாணம், அதற்கு முன் நீங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே அபூர்வம் என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. எப்படிப் பேச்சு வந்தது, நிச்சயம் எப்போது நடந்தது, கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தது எப்போது என்று தேதியோடு ஒரு பக்கம் எழுதிக் கொடு. ஸ்டூடியோ ஆல்பத்தில் பூமாலையோடு நீங்கள் இருவரும் நிற்கும் படங்களை அடுக்குவதைவிட, பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மச்சி உட்கார்ந்து அவர் இலையில் அப்பளத்தை நொறுக்கிப் போடும் அந்த மங்கலான போன் படம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதை அவசியம் சேர். வாட்ஸ்அப்பில் பேசியதையெல்லாம் அச்சடிக்க வேண்டாம். நிச்சயத்திலிருந்து இன்றுவரை மாதத்துக்குச் சில பக்கங்கள், அழைப்புப் பட்டியல், அவர் வந்துபோன விமானப் பயணச்சீட்டு, உனக்கு அனுப்பிய பணத்தின் ரசீது ஆகியவற்றைத் தேதி வரிசையில் வைத்தால் போதும். இல்லாத உரையாடலை உருவாக்கித் தருகிறோம் என்று சொல்லும் இடத்துக்குள் கால் வைக்காதே.

ஆங்கிலத்துக்கு ஏ1 என்னும் அடிப்படை நிலையே போதும். ஐ.இ.எல்.டி.எஸ். லைஃப் ஸ்கில்ஸ் என்ற அந்தத் தேர்வில் கேட்பதும் பேசுவதும் மட்டுமே உண்டு. உன்னோடு இன்னொருவரும் உட்கார, தேர்வாளர் இருவரையும் பேசச் சொல்வார். மாதக்கணக்கில் கோச்சிங் போக வேண்டியதில்லை. காசநோய்ப் பரிசோதனையைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட மருத்துவமனையில் மட்டுமே எடு. சான்றிதழ் 6 மாதம் செல்லும்.

பணம் பெரிய சுமைதான். விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண்டாக உயர்ந்தது; விண்ணப்பிக்கும் நாளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள். அங்குள்ள அரசு மருத்துவச் சேவைக்கான சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் 33 மாத விசாவுக்கு 3,105 பவுண்டு. விசா மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்ப வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. இவ்வளவு செலவுக்கு மேல் ஏஜென்சிக்கும் கொடுப்பதை என் மனம் ஒப்பவில்லை. ஏதாவது சட்டச் சிக்கல் இருந்தால் மட்டும், அங்கே பதிவு பெற்ற குடியேற்ற ஆலோசகரை மாப்பிள்ளை நேரடியாகப் பார்க்கட்டும். மறுப்புக் கடிதம் வந்தாலும் மேல்முறையீட்டுக்கு 28 நாள் உண்டு.

திருமணச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் போட்டோ எடுத்து இன்றே எனக்கு அனுப்பு. பெயர்களை நான் ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு, ஆங்கிலத் தேர்வுக்குத் தேதி எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அக்கா