ஒரு காலும் ஒரு சுழியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த இலங்கைப் புதர்த்தவளைக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். அந்தத் தவளைகளின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் மூன்று இந்தியாவில் இருப்பதாகச் சொல்லி, அதில் ஒன்றைக் ‘கனித் தவளை’ என்று போட்டிருக்கிறீர்கள். போதாக்குறைக்குப் படத்தின் கீழே விளக்கம் வேறு: பழுத்த பழத்தின் நிறமாம்.

சூடோபிலாட்டஸ் காணி என்பது அதன் அறிவியல் பெயர். தாங்கள் அறியாததல்ல, காணி என்றால் எங்கள் பொதிகை மலைப் பழங்குடியினரான காணிக்காரர்கள். 2009-ல் தவளை ஆய்வாளர்கள் பிஜுவும் பாஸ்யூட்டும் அந்த மக்களின் பெயரைத்தான் தவளைக்கு வைத்தார்கள். மற்ற இரண்டு சொந்தங்களுக்குப் பெயர் கொடுத்த வயநாடும் அம்போலியும் ஒரு பிழையும் இல்லாமல் வந்திருக்கின்றன. கேரளத்து மலையையும் மராட்டியத்து மலையையும் சரியாக எழுதத் தெரிந்த கைக்கு, பக்கத்து மலை மட்டும் பழமாகிவிட்டது.

எழுத வேண்டியதை ஒரு வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையிலிருந்து இலங்கைக்குப் போன தவளைக் குடும்பம் அங்கே 70-க்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகியது. வெகுகாலம் கழித்து, கடல் தாழ்ந்து தரைவழி கிடைத்தபோது அதில் ஒரு கிளை இந்தப் பக்கம் திரும்பியது. அதன் வாரிசுகள்தான் இந்த மூன்றும். அசோகன் கல்வெட்டில் அந்தத் தீவுக்குத் தாம்பபன்னி என்று பெயர். எங்கள் தாமிரபரணி ஆற்றுக்கும் கிட்டத்தட்ட அதே பெயர். காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சைச் செடிக்கும் அறிவியல் பெயரில் ‘ஜெய்லானிகஸ்’, அதாவது ஈழம். இவ்வளவு இருக்க, பழத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

நான் பாபநாசம் மின்நிலையத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன். 1984 ஐப்பசி மழையில், காரையாறு போகிற வழியில் ஒரு காணிக்காரப் பெரியவர் இலைச்சருகை விலக்கிக் காட்டினார். ஜவ்வரிசி மாதிரி முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கால் மடக்கி ஒரு முழுத் தவளை. “இது தண்ணிக்குப் போவாது சார், முட்டைக்குள்ளேயே தவளையாயிரும்” என்றார். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாத தவளை என்று நான் புத்தகத்தில் படித்தது பல வருஷம் கழித்து. அன்று பார்த்தது இந்தக் காணியா, இதற்குப் பங்காளியான ராவோர்கெஸ்டஸ் வகையா என்று நான் சாதிக்க வரவில்லை. அந்தப் பெரியவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். உங்கள் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு சொல் உண்டா?

அந்தப் பெரியவரின் பேரனுக்குப் பள்ளிப் பதிவேட்டில் ‘கனிக்காரன்’ என்று எழுதிவிட்டார்கள். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் காணிக்காரர் பழங்குடிப் பட்டியலில் உண்டு. கனிக்காரர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. சாதிச் சான்றிதழுக்கு நானும் அவனோடு ஆறு மாசம் நடந்தேன். ஓர் அலுவலகத்தில், பழவியாபாரமா என்று கேட்டுச் சிரித்தார்கள். பையன் அந்த வருஷம் பாலிடெக்னிக்கில் சேரவில்லை.

பெயர் மாறாட்டம் இலங்கையிலும் நடந்ததுதான். வேரியாபிலிஸ் என்ற பழைய பெயரை வெவ்வேறு தவளைகளின் தலையில் கட்டிவந்தார்கள். அருங்காட்சியகச் சீசாவை எடுத்து ஒப்பிட்டபோதுதான், அந்தப் பெயருக்குரிய தவளை பூண்டோடு அற்றுப்போனது தெரிந்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் உட்கார்ந்து திருத்தினார்கள். 2005-ல் ஒரே ஆய்வில் 27 இனங்களுக்குப் புதுப்பெயர் கொடுத்தார்கள்.

நீங்கள் திருத்துவீர்களா என்பதில் எனக்கு முன் அனுபவம் உண்டு. எங்கள் பாபநாசத்தைப் பற்றிய செய்திக்குத் தஞ்சாவூர்ப் பாபநாசத்தின் கோபுரத்தைப் போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. ஆற்றில் பரிகாரத் துணிகளை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். இரண்டு வரி வந்தது, அதிலும் என் ஊர் கல்லிடைக்குறிச்சி ஆகியிருந்தது. மழைக்காகத் தவளைக்குக் கல்யாணம் செய்துவைத்தால் மட்டும் கால் பக்கத்துக்கு வண்ணப்படம் தவறாமல் வருகிறது. மாப்பிள்ளைத் தவளை எந்த இனம் என்று ஒரு தடவையாவது போட்டதுண்டா? பாவம், அதற்கும் பழத்தின் பெயர் வைத்துவிடுவீர்களோ என்னவோ.

இப்போது கேட்பது பெரிதில்லை. ககரத்துக்கு ஒரு கால். இரண்டு சுழி ‘னி’யில் இன்னும் ஒரு சுழி. அடுத்த ஞாயிறு, மூலையில் இரண்டு வரி போதும். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், பிழை திருத்துபவர் ‘காணி’ என்பதையெல்லாம் கனியாகத் திருத்திவிடாமல் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
விக்கிரமசிங்கபுரம் (கல்லிடைக்குறிச்சி அல்ல).