மாறாத திரைக்கு மோட்செட் வேண்டாம்: டிஸ்பிளே டிரைவர் எழுதும் தமிழ்ப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிப் நிறுவனங்களிலும் போர்டு நிறுவனங்களிலும் லினக்ஸ் கெர்னலுக்கான டிஸ்பிளே டிரைவர்களை எழுதியும் பராமரித்தும் வரும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் டிரைவர்களுக்கு மேலே ஓடி, சாளரங்களை ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்பும் கம்பாசிட்டர் ஒன்றில் வேலை செய்பவன் நான். அண்மையில் ஒரு சிறிய போர்டை எச்டிஎம்ஐ மானிட்டரோடு இணைத்துச் சோதித்துக்கொண்டிருந்தபோது, உள்நுழைவுத் திரையில் கடவுச்சொல்லை இட்டதும் திரை இருண்டு, ‘சிக்னல் இல்லை’ என்ற செய்தியும் வந்து போன பிறகே டெஸ்க்டாப் தெரிந்தது. உள்நுழைவுத் திரை ஓடிய மோட் (தெளிவுத்திறனும் புதுப்பிப்பு வேகமும்) 1920×1080, 60 ஹெர்ட்ஸ். டெஸ்க்டாப் கேட்டதும் அதையேதான். மாறியது படம் இருக்கும் நினைவகப் பகுதி மட்டும். காரணத்தைத் தேடிப் போனால், டிரைவரின் சரிபார்ப்புக் கட்டத்தில் ஒரு வரி நின்றது: கமிட்டில் (திரை அமைப்பை மாற்றக் கேட்கும் கோரிக்கையில்) கனெக்டர் (மானிட்டர் இணையும் முனை) இடம்பெற்றிருந்தாலே, என்ன மாறியது என்று பார்க்காமல் ‘மோட் சேஞ்ச்டு’ (மோட் மாறிவிட்டது) கொடியை ஏற்றி, முழு மோட்செட்டை வரவழைத்துவிடும் வரி. எப்போதோ வண்ண ஆழம் மாறும்போது வந்த ஒரு பிழையைத் தீர்க்க அது சேர்க்கப்பட்டிருந்தது. எழுதியவர் மீது எனக்குக் குறையில்லை; அவசரத்தில் கிடைத்த பாதுகாப்பான வழி அது. ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலையை ஒவ்வொரு நாளும் பயனர் கொடுக்கிறார் என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

முழு மோட்செட், அதாவது திரைக்கான சிக்னலை நிறுத்திப் புதிதாக அமைத்துத் தொடங்குவது, என்றால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மானிட்டருக்கான சிக்னலை உருவாக்கும் என்கோடர் அணைக்கப்படுகிறது, பிக்சல் கடிகாரத்தைத் தரும் பிஎல்எல் நிறுத்தப்பட்டு மறுபடி நிரல்படுத்தப்படுகிறது, டிஸ்பிளேபோர்ட் என்றால் கடிகார மீட்பு, சானல் சமப்படுத்தல் என்ற இரு கட்டங்களிலும் லிங்க் டிரெயினிங் (இரு முனைகளும் இணைப்பைச் சரிசெய்துகொள்வது) முதலிலிருந்து நடக்கிறது. மடிக்கணினிப் பேனலின் மின்சாரத்தையே துண்டித்துவிட்டால், மீண்டும் கொடுப்பதற்கு முன் சுமார் அரை நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. எச்டிஎம்ஐ மானிட்டரோ புதிய சிக்னலைப் பிடித்துக்கொள்ளத் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தை எந்த மென்பொருளாலும் குறைக்க முடியாது. தவிர்க்கலாம், அவ்வளவுதான். தவிர்க்கும் முடிவு டிரைவரின் கையில்தான் இருக்கிறது.

இந்த முடிவுக்கான இடத்தைக் கெர்னல் தெளிவாகவே ஒதுக்கித் தந்திருக்கிறது. 2009இல் 2.6.29 பதிப்பில் இன்டெல் சிப்புகளுக்கு மோட்செட்டிங் கெர்னலுக்குள் வந்தது, 2015இல் 4.2 பதிப்பில் எல்லா மாற்றங்களையும் ஒரே கமிட்டாக அனுப்பும் அட்டாமிக் இடைமுகம் பயனர்வெளிக்கு (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களுக்கு) முறைப்படி திறக்கப்பட்டது. அந்த அமைப்பில் ஒவ்வொரு சிஆர்டிசி (ஒரு திரைக்கான படத்தை ஓட்டும் வன்பொருள் பகுதி) நிலைக்கும் மூன்று கொடிகள் உண்டு: மோட் மாறியதா, இயக்கநிலை மாறியதா, கனெக்டர் இணைப்பு மாறியதா. பொது உதவிச் செயற்கூறுகள் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிட்டு இவற்றை நிரப்புகின்றன. அதோடு வேலை முடியவில்லை. வன்பொருளால் அந்த மாற்றத்தை ஓடிக்கொண்டே செய்ய முடியுமென்றால், டிரைவர் தன் சரிபார்ப்பில் கொடியை இறக்கிவிட வேண்டும் என்றும், முழு மோட்செட்டை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்றும் கெர்னலின் ஆவணமே கேட்டுக்கொள்கிறது. நடைமுறையிலோ கொடியை ஏற்றும் டிரைவர்களையே நான் அதிகம் சந்திக்கிறேன். இறக்கும் டிரைவர்கள் அரிதாகவே கண்ணில் படுகின்றன.

இன்டெல் டிரைவர் இதைச் செய்யும் விதம் பின்பற்றத் தக்கது. எச்டிஆர் (உயர் ஒளி வீச்சு) விவரமோ வண்ணவெளியோ மாறினால் அதுவும் முதலில் கொடியை ஏற்றத்தான் செய்கிறது. ஆனால் புதிய அமைப்பு முழுவதையும் கணக்கிட்ட பிறகு, பழைய அமைப்போடு புலம் புலமாக ஒப்பிட்டு, வேறுபாடு ஓட்டத்திலேயே திருத்தக்கூடியது என்று தெரிந்தால் கொடியை இறக்கிவிட்டு அந்தப் பகுதியை மட்டும் புதுப்பிக்கிறது. துவக்கத்தின்போது ஃபர்ம்வேர் விட்டுச்சென்ற நிலையை வன்பொருளிலிருந்தே படித்துக்கொண்டு அதையும் இதே வகையில் ஒப்பிடுகிறது. 2019இல் வந்த 5.1 கெர்னலில் ஸ்கைலேக்கும் அதற்குப் பின்னும் வந்த சிப்புகளுக்கு இது இயல்பான நடத்தையாக்கப்பட்டது. அதே ஆண்டு லினக்ஸ் வழங்கலான ஃபெடோரா 30, கணினியை இயக்கியதிலிருந்து உள்நுழைவு வரை திரை சிமிட்டாத துவக்கத்தைப் பொருத்தமான கணினிகளில் கொண்டுவந்தது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நியாயமானது. தேவையான மோட்செட்டைத் தவறவிட்டால் திரை இருண்டே கிடக்கும். தேவையில்லாததைச் செய்தால் சில நொடிதானே இருளும்? ஆம், முதல் தவறே பெரியது. அதனால்தான் மோடை மட்டும் ஒப்பிட்டுவிட்டு ‘ஒன்றுதான்’ என்று முடிவுகட்ட நான் சொல்லவில்லை. லிங்க் கெட்டுவிட்டது என்று லிங்க் நிலைப் பண்பு அறிவித்திருந்தால், மோட் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் முழு மோட்செட் நடந்தே ஆக வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கான 148.5 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தையும் 59.94க்கான 148.352 மெகாஹெர்ட்ஸையும் ஒன்றெனக் கொண்டால், காணொளி பார்ப்பவருக்குச் சீரான இடைவெளியில் ஒரு சட்டகம் தடுமாறும். ஆகவே, கணக்கிட்டு முடித்த வன்பொருள் அமைப்பை முழுமையாக ஒப்பிடுங்கள். எந்தப் புலம் மாறினால் உண்மையிலேயே நிறுத்தித் தொடங்க வேண்டும் என்பதை உங்கள் சிப்பின் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நீங்களாகக் கொடியை ஏற்றினால் பொதுச் சரிபார்ப்பை மறுபடி அழைக்கவும் மறவாதீர்கள். பகிர்ந்த கடிகாரத்துக்காக இன்னொரு சிஆர்டிசியைக் கமிட்டுக்குள் இழுக்கும்போது இருமடங்கு கவனம் வேண்டும். ஒரு மானிட்டரைச் செருகும்போது தொடர்பே இல்லாத பக்கத்து மானிட்டர் இருள்வது அதனால்தான்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். மோட்செட்டுக்கு அனுமதி தரும் கொடி இல்லாமல் கமிட் அனுப்பினால், மோட்செட் தேவை என்று டிரைவர் கருதும்போது கெர்னல் அதை மறுத்துவிடும். அந்த மறுப்புக்கு அஞ்சி, அனுமதியை எப்போதும் சேர்த்தே அனுப்பும் கம்பாசிட்டர்கள் உண்டு. எங்களுடையதும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. டிரைவரின் பிழை வெளியே தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது முதலில் அனுமதியின்றி, சோதனை மட்டும் என்ற கொடியோடு கேட்டுப் பார்க்கிறோம்.

உங்களிடம் நான் கேட்பதும் அதே சோதனையைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் நிலையை, ஒவ்வொரு கனெக்டரின் எல்லாப் பண்புகளோடும், ஒன்றும் மாற்றாமல், மோட்செட் அனுமதியின்றித் திருப்பி அனுப்புங்கள். உங்கள் டிரைவர் அதை மறுத்தால், மறுக்கவைத்த வரியைக் கண்டுபிடித்து நிபந்தனைக்குள் வையுங்கள். நான் மேலே சொன்ன போர்டில் அதற்கு ஒரே ஒரு ஒப்பீடு போதுமானதாக இருந்தது. வண்ண ஆழம் மாறினால் மட்டும் கொடி ஏறுகிறது, உள்நுழைந்ததும் டெஸ்க்டாப் நேரே வருகிறது. உங்கள் வன்பொருளில் இதைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டிரைவர்களை நம்பி நிரல் எழுதும் ஒருவன்