தலைவன் இல்லாத கூட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சளிப்பூஞ்சைகள் பற்றிய கட்டுரைக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் ஒரு தலைமைச் செல் அழைக்க மற்றவை கீழ்ப்படிந்து கூடுகின்றன, பிறகு சில செல்கள் கூட்டத்துக்காகத் தியாகம் செய்கின்றன என்று அதில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

டிக்டியோஸ்டீலியம் என்ற இந்தச் சளிப்பூஞ்சை, மண்ணில் தனித்தனி ஒற்றைச் செல் அமீபாக்களாக பாக்டீரியாவைத் தின்று பெருகுவது. இரை தீர்ந்து பட்டினி வந்ததும் செல்கள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகின்றன. அதை உணரும் பக்கத்துச் செல் அந்தத் திசையில் நகர்கிறது. தானும் அதையே கசியவிடுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இது அலையலையாகப் பரவும். கூட்டத்தைத் தொடங்கிவைக்கும் தனிச்சிறப்பான செல் ஒன்று இருக்கும் என்ற கருத்து முன்பு வலுவாக இருந்தது உண்மைதான். ஆனால் 1970இல் ஈவ்லின் ஃபாக்ஸ் கெல்லர், லீ சீகல் என்ற இரு ஆய்வாளர்கள் அப்படி ஒன்று தேவையே இல்லை என்று கணிதத்தால் காட்டினார்கள். எல்லாச் செல்களும் ஒரே மாதிரி இருந்தாலும் கூட்டம் தானே திரளும். எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு உயிரியலில் இல்லை. அதைத்தான் கட்டுரை மறைத்துவிட்டது.

திரண்ட செல்கள், சில சமயம் ஒரு லட்சம் வரை, சில மில்லிமீட்டர் நீளமுள்ள நத்தைப்புழு போல ஒளியை நோக்கி ஊர்கின்றன. பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செல்கள் இறந்து காம்பாகின்றன. மற்றவை அதன் உச்சியில் வித்துகளாகின்றன.

இதைத் தியாகம் என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. கூட்டம் முழுக்க ஒரே செல்லின் வழிவந்ததாக இருந்தால், காம்பாகி மடியும் செல்லின் மரபணுக்களே வித்திலும் இருக்கின்றன, அதற்கு இழப்பில்லை. வேறு வம்சங்கள் கலந்தால் கதை மாறுகிறது. காம்புக்குக் குறைவாகக் கொடுத்து வித்தில் அதிக இடம் பிடிக்கும் ஏமாற்று வம்சங்களும் உண்டு. அவற்றுக்கு எதிராக ஒரு காவலும் இருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை வைத்துச் செல்கள் தம் உறவை அறிகின்றன. பொருந்தாதவை பெரும்பாலும் பிரிந்துபோகின்றன. இவ்வளவு இழுபறிக்கு நடுவிலும் அந்தக் காம்பு எழுகிறதே, அதையல்லவா வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொன்று. நீங்கள் வெளியிட்ட மஞ்சள் நிறப் படம் ஃபைசேரம் என்ற வேறு வகையுடையது. வலைபோல் படரும் அது, பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல். கூடி வந்த செல்களின் கூட்டம் அல்ல. அடுத்த இதழில் சரியான படத்தை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி