ராயப்புரத்திலும் ஒரு கிறிஸ்தவச் சேனல் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தமிழ்க் கிறிஸ்தவத் தொலைக்காட்சியின் வரலாறு என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆசையாகத்தான் எடுத்தேன். செயற்கைக்கோள் சேனல்கள் வரும்வரை உள்ளூர் கேபிள்காரர்கள் பழைய சினிமா ஓட்டியதோடு சரி என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

1993-இல் சன் டிவி வந்த கையோடு தெருவுக்குத் தெரு கேபிள் இழுத்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பகுதி கேபிள்காரர் தன் கண்ட்ரோல் ரூமில் ஒரு சேனலைக் கோயில் காரியங்களுக்கென்றே ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு வி.சி.ஆர்., படத்தைக் கேபிளில் ஒரு சேனலாக ஏற்றிவிடும் மாடுலேட்டர் ஒன்று, கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவரின் வி.எச்.எஸ். கேமரா. நிலையம் என்றால் அவ்வளவுதான். பள்ளி விட்டதும் நான் போய் அறிவிப்பு வாசிப்பேன். யார் வீட்டில் துக்கம், அடக்கம் எத்தனை மணிக்கு, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான வகுப்பு எந்தக் கிழமை. சம்பளம் கிடையாது, யாரும் கேட்டதும் இல்லை.

பெரிய வெள்ளியன்று பகல் 12 மணிக்குத் தொடங்கும் ஏழு வார்த்தைகள் தியானம், அதாவது சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வாசகங்களின் தியானம், 3 மணிக்கு முடியும். 180 நிமிடக் கேசட் ஒன்றில் சரியாக அடங்கும். போதகர் கொஞ்சம் நீட்டிவிட்டால் கடைசி ஜெபம் அறுந்துபோகும், மறுநாள் வீட்டு வாசலில் வந்து சண்டை போடுவார்கள். படுக்கையில் கிடந்த என் மாமியார் கடைசிக் காலத்தில் பூசை கண்டது அந்தச் சேனலில்தான். பெரம்பூர் லூர்து மாதா திருவிழாத் தேரைக் காட்டினால் பெந்தெகொஸ்தே சபையார் முகம் சுளிப்பார்கள். ஆவியின் ஏவுதலால் புரியாத மொழியில் அவர்கள் செய்யும் அந்நிய பாஷை ஜெபத்தைக் காட்டினால் எங்கள் கத்தோலிக்கர்களுக்குப் பிடிக்காது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகரான ஐயர் நடுவில் உட்கார்ந்து நேரம் பிரித்துக் கொடுப்பார். மூன்று சபையாரையும் ஒரே சேனலில் உட்கார வைத்தோம், ஐயா. உங்கள் கட்டுரை புகழ்கிற சேனல்களில் எதில் அது நடந்தது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை நேரத்தில் கடல் உள்ளே வந்தது. பெரிய சேனல்கள் நாட்டுக்கே செய்தி சொல்லிக்கொண்டிருந்தன. காசிமேட்டிலிருந்து ஓடிவந்தவர்களில் யார் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்பதை எங்கள் சேனல்தான் இரவெல்லாம் எழுத்தில் ஓட்டியது. எந்தச் சபை, எந்த மதம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் உங்கள் நிருபருக்கு எப்படித் தெரியும்? வடசென்னைக்கு உங்கள் பத்திரிகை வருவது கொலை விழுந்தால், இல்லை மழைத் தண்ணீர் நின்றால். கிறிஸ்துமஸ் மலருக்கு ஆண்டுதோறும் சாந்தோம் படமோ பெசன்ட் நகர் படமோதான். படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய ராயப்புரம் பேதுரு கோயில் உங்கள் கேமராவுக்குத் தூரமா? 1856-இல் திறந்த எங்கள் ரயில் நிலையத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறீர்கள். அதைச் சுற்றி வாழ்ந்த மனிதர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. சேனல் நின்றபோது நான் அனுப்பிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை.

ஏன் நின்றது என்பதையாவது கட்டுரையாளர் விசாரித்திருக்கலாம். 2003-இல் செட்-டாப் பாக்ஸ் வந்தபோதுகூட பிழைத்துக்கொண்டோம். கட்டணச் சேனலுக்குத்தான் அப்போது பாக்ஸ் தேவைப்பட்டது. 2012-இல் பெருநகரங்களில் எல்லாம் டிஜிட்டல் கட்டாயம் என்று ஆனது, சென்னையில் இழுபறிக்குப் பிறகு நடைமுறைக்கு வந்தது. சிக்னல் மொத்தமும் மேலே உள்ள பெரிய நிறுவனத்திலிருந்து பூட்டுப் போட்டு வந்ததால், தெருக் கேபிள்காரர் நடுவில் தன் சேனலை நுழைக்க வழியில்லாமல் போனது. அந்த நிறுவனத்தின் வழியாகவே போடுங்கள் என்றார்கள். அதற்கு மாதாமாதம் கேட்ட பணம் எங்கள் காணிக்கைத் தட்டில் சேராது. சினிமா ஓட்டியதால் ஒன்றும் நாங்கள் அழியவில்லை.

நான் கேட்பது இரண்டே விஷயம். அந்த வரி தவறு என்று அடுத்த இணைப்பில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். அப்புறம், ராயப்புரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது அந்தக் கேசட்டுகள் கிடந்தால் தூக்கிப் போடாமல் தங்கள் கோயில் அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லி ஒரு அறிவிப்பு வெளியிடுங்கள். கடற்காற்றில் நாடா பூஞ்சை பிடித்துவிடும். கணினியில் ஏற்றித் தர இளைஞர்கள் சிலர் தயாராக இருக்கிறார்கள். ஒரு பெட்டிச் செய்தி அளவு இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
ராயப்புரம், சென்னை – 13