பின்பாரம்

ஸ்டுட்கார்ட்
அக்டோபர் 20

அன்புள்ள சாமிநாதா,

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலைக்குப் போகிறாள், சின்னவன் இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறான். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். மணியண்ணன் பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நம்பவே முடியவில்லை. அந்த ஸ்டூலை விட்டு அவர் எப்படி எழுந்தார்?

நீ மே மாதம் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். தோள்பட்டை வலிக்கிறது, பத்மினி காரின் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியவில்லை, மாருதியில் கழற்றிய மின்சாரப் பவர் ஸ்டீயரிங் ஒன்றைப் பொருத்தித் தருவதாகப் பையன் சொல்கிறான், போடலாமா என்று. ஐந்து மாதம் ஓடிவிட்டது. மன்னித்துக்கொள். மறந்து போகவில்லை. "போடாதே" என்று எழுதத்தான் கை துறுதுறுத்தது. உன் தோளை நினைத்ததும் பேனா நின்றுவிட்டது. போன வாரம் இரண்டு நாள் நடந்ததைச் சொல்கிறேன், பதில் அதற்குள்ளேயே வரும். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற உன் புத்தியைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு படி.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை கராஜ் கதவைத் திறந்து வைத்து, 1967 மாடல் போர்ஷே 911 ஒன்றைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவரும் அவருடைய மூன்று பழைய கூட்டாளிகளும் பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை கருங்காட்டு மலைச்சாலையில் போவார்கள். பி 500 என்று பெயர், அறுபது கிலோமீட்டர் சொச்சம். நாலு பேரிடமும் 911தான், ஆனால் நாலும் நாலு தலைமுறை. வழியில் நிறுத்தி நிறுத்திச் சாவியை மாற்றிக்கொள்வார்கள். இந்த வருஷம் பெரியவருக்கு முழங்காலில் ஆபரேஷன், கிளட்ச் மிதிக்க முடியாது. "நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்" என்றார். சாமிநாதா, சோழவரம் கார் பந்தயத்தில் வெயிலில் காய்ந்துகொண்டு தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றோமே, அந்த நாளிலிருந்து ஆசைப்பட்டது ஒன்று இப்படி வீடு தேடி வந்தது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

முதலில் 1967. உட்கார்ந்ததும் நீ நினைப்பாய், இது நம்ம பத்மினி மாதிரிதானே என்று. மெல்லிய ஸ்டீயரிங் வளையம், நெட்டையான கண்ணாடி, தரையிலிருந்து முளைத்து நிற்கிற பெடல்கள். முதல் கியர் இடதுபக்கம் கீழே. சாவி ஸ்டீயரிங்குக்கு இடதுபக்கம். 1,991 சிசி, ஆறு சிலிண்டர், காற்றில் குளிர்வது, 130 குதிரைத்திறன். எடை 1,080 கிலோ. டயர் அகலம் வெறும் 165 மில்லிமீட்டர்.

இந்தக் காரின் கதையே அதன் எஞ்சின் இருக்கிற இடத்தில்தான். பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. நீ கிராமத்துக்காரன், உனக்குச் சட்டென்று புரியும்: வண்டி பின்பாரம். வைக்கோல் ஏற்றும்போது பின்னால் பாரம் கூடிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்புமே, உங்கள் அப்பா வண்டியின் முன்னால் போய் ஏறி நிற்பாரே, அதேதான். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மூக்கு எழும்பி ஸ்டீயரிங் லேசாகிறது. காலை எடுத்தால் மூக்கு அமுங்கிக் கடிக்கிறது, வால் லேசாகிறது. கம்பெனிக்காரர்களே அந்தக் காலத்தில் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் பதினொரு பதினொரு கிலோ இரும்புக் கட்டி வைத்துச் சமாளித்தார்கள். பெரியவர் குனிந்து அதைத் தட்டிக் காட்டினார். உங்கள் அப்பா ஏறி நின்ற இடம்தான் அது.

இருபதாவது நிமிஷத்திலேயே கைக்குச் சேதி வர ஆரம்பித்துவிட்டது. உன் தாத்தா நாடி பார்ப்பாரே. மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, முந்தின நாள் நாம் எங்கே என்ன தின்றோம் என்பது வரை சொல்லுவாரே. ஸ்டீயரிங் வளையத்தில் அப்படி ஒரு துடிப்பு ஓடுகிறது. தார் மாறினால் தெரிகிறது. நடுக்கோட்டு வெள்ளைப் பெயிண்டில் டயர் ஏறி இறங்கினால் தெரிகிறது. மர நிழலில் ஈரம் காயாத இடம் கண்ணுக்குப் படும் முன்பே விரலுக்குப் படுகிறது, ஏனென்றால் வளையத்தின் கனம் சட்டென்று குறைகிறது. இவ்வளவுக்கும் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஆனாலும் லேசு! ஒரு விரலால் கூடத் திருப்பலாம் போல அவ்வளவு லேசு. இதை மனதில் வைத்துக்கொள், பிறகு உன்னிடம் இதைப் பற்றிச் சண்டை போடுவேன்.

மும்மெல் ஏரியைத் தாண்டி, பெரிய சாலையை விட்டுப் பள்ளத்தாக்கில் இறங்கும் கிளைச்சாலையில் திரும்பினோம். கொண்டை ஊசி இல்லை, நீண்டு வளைகிற இறக்கம். வளைவுக்குள் நுழைந்த பிறகு பார்க்கிறேன், ரோடு முழுக்க நனைந்த இலை. கோத்தகிரி ரோட்டில் நாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், காலைச் சட்டென்று எடுத்தேன். பின்பக்கம் ஒரு முழம் வெளியே போய்விட்டது. என் வயிறு எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் பெரியவர் குரலைக் கூட உயர்த்தாமல் "காஸ், காஸ்" என்றார். மிதி, மிதி என்று. மனம் ஒப்பவில்லை, கால் மிதித்துவிட்டது. பின்சக்கரங்களில் மறுபடி பாரம் இறங்கியது, வால் தானாக உள்ளே வந்தது. அடுத்த திருப்பத்தில் நிறுத்தினேன். கை நடுங்கியது. அவர் சொன்னார்: "அது உனக்கு முன்னாடியே சொல்லியது. நீ கேட்கவில்லை." யோசித்துப் பார்த்தால் உண்மைதான். இலை மேல் ஏறுவதற்கு அரை நொடிக்கு முன்னால் வளையம் லேசானது. எனக்குத் தெரிந்திருந்தது, கண்டுகொள்ளாமல் விட்டேன்.

1969 மாடலில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள், 2,211 இருந்தது 2,268 ஆனது. பேட்டரியை இரண்டாகப் பிரித்து முன் ஓரங்களில் வைத்தார்கள், இரும்புக் கட்டிக்கு வேலை இல்லாமல் போனது. அன்று தொடங்கி ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அந்தக் கம்பெனியின் எஞ்சினியர்கள் இதே பின்பாரத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். எஞ்சினைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. வைக்கவில்லை. ஒரு கட்டத்தில் இந்தக் காரையே நிறுத்திவிடத்தான் இருந்தார்கள். 1981இல் பொறுப்புக்கு வந்த தலைவர் பீட்டர் ஷுட்ஸ், ஹெல்முத் போட் என்ற தலைமை எஞ்சினியரின் அறைக்குப் போயிருக்கிறார். சுவரில் வரைபடம், மற்ற மாடல்களின் கோடு நீண்டுகொண்டே போகிறது, 911இன் கோடு அந்த வருஷக் கடைசியோடு முடிகிறது. மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை வரைபடத்துக்கு வெளியே, சுவரின் மேலேயே இழுத்துக்கொண்டு போனாராம். இதைச் சொல்லும்போது பெரியவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அந்தக் கோடு நீண்டதால் பிறந்ததுதான் இரண்டாவது கார், 1988 கரேரா 3.2. 231 குதிரைத்திறன். எஞ்சின் சத்தம் வயிற்றுக்குள் இறங்குகிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் அருமை, நாடி அப்படியே இருக்கிறது, பயம் பாதியாகிவிட்டது. ஆனால் பார்க்கிங்கில் திருப்பினேன் பார், தோள் கழன்று வந்துவிடும் போலிருந்தது! இதிலும் பவர் ஸ்டீயரிங் இல்லை. 67இல் பூ மாதிரி இருந்தது இதில் ஏன் கல்லாகிவிட்டது? டயரின் அகலம். முன்னதற்கு 165, இதற்கு 205. உடம்பும் கனத்துவிட்டது. உன் ஞாபகம் வந்தது அங்கேதான்.

மூன்றாவது, 1995 மாடல் 993. 911இன் தலைமுறைகளுக்குக் கம்பெனி வைத்த எண்களில் ஒன்று இது. காற்றில் குளிரும் எஞ்சினின் கடைசித் தலைமுறை. 272 குதிரைத்திறன், ஆறு கியர், பின்சக்கரங்களுக்குப் புத்தம் புது சஸ்பென்ஷன். இதில் பவர் ஸ்டீயரிங் உண்டு, முந்தின 964லேயே வந்துவிட்டது. ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. நான் ஏறும்போதே தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டுதான் ஏறினேன்: பவர் ஸ்டீயரிங் வந்தது, பேச்சு போனது என்று. இரண்டு கிலோமீட்டரில் அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போட்டேன். நாடி இருக்கிறது, சாமிநாதா! கொஞ்சம் போர்வை போர்த்தினது போல இருக்கிறது, பெயிண்ட் கோடு தெரியவில்லை, ஆனால் ஈரம் தெரிகிறது, பாரம் நகர்வது தெரிகிறது. அதே வளைவில், அதே இலையில், வேண்டுமென்றே லேசாகக் காலைத் தளர்த்தினேன். வால் ஒரு விரற்கடை அசைந்து, "பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது. நாலில் ஒன்றை எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். பெரியவருக்கு இதில் வருத்தம்.

நடுவில் மூன்று தலைமுறையை நாங்கள் ஓட்டவில்லை. 996இல் தண்ணீரால் குளிரும் எஞ்சின் வந்தது, உருண்டைக் கண் போய்க் பொரித்த முட்டை மாதிரி விளக்கு வந்தது, 997இல் மறுபடி உருண்டையானது. 2011இல் வந்த 991இல் ஸ்டீயரிங்குக்கு ஆயில் போய் மின் மோட்டார் வந்தது. நம் கதைக்கு அதுதான் முக்கியம்.

கடைசியாக 992, 2020 மாடல். 385 குதிரைத்திறன், இரண்டு டர்போ, எட்டு கியரும் தானாக மாறுகிறது, 1,505 கிலோ. சக்கரங்களுக்கு இடையே 2,450 மில்லிமீட்டர், அறுபத்தேழை விடக் கிட்டத்தட்ட ஒரு சாண் நீளம். பின் டயர் 295. அந்த வளைவில் இன்னும் வேகமாகப் போனேன். ஒன்றுமே நடக்கவில்லை. ரோட்டைக் கோடு கிழித்த மாதிரி போனது. மழை பிடித்துக்கொண்டது, அப்போதும் அப்படியே. என் மகள் இந்த மலையில் மழையில் ஓட்ட வேண்டுமென்றால் நான் இந்தச் சாவியைத்தான் கொடுப்பேன், மற்ற மூன்றையும் தொடவிட மாட்டேன். இதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று கேள். முன்சக்கர மேற்கூட்டுக்குள் ஒலியைக் கேட்கும் கருவி வைத்திருக்கிறார்கள். டயர் வாரி அடிக்கிற தண்ணீரின் சத்தத்தை அது கேட்டு, ரோடு ஈரமாக இருக்கிறது என்று டிரைவருக்கு எழுத்தில் காட்டுகிறது. என்ன அற்புதமான வேலை! அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டும்போதுதான் உறைத்தது, ஈரம் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டேன். கையில் ஒன்றும் வரவில்லை. வளையம் சரியான அளவு கனமாக இருந்தது, நேர்த்தியாகத் திரும்பியது, ஆனால் காய்ந்த தாரிலும் நனைந்த இலையிலும் அதே கனம். மணிக்கட்டில் விரல் வைத்தேன், துடிப்பு கிடைக்கவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று ரிப்போர்ட் மட்டும் வருகிறது.

சரி, உன் கேள்வி.

பவர் ஸ்டீயரிங் கெட்டது என்று இனி நான் சொல்ல மாட்டேன், 993 என் வாயை அடைத்துவிட்டது. ஆனால் உன் பத்மினிக்கு ஏன் தோள் வலிக்கிறது? போன தீபாவளிக்கு நீ அனுப்பின போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அலாய் வீல், அகல டயர்! கம்பெனி கொடுத்த ஒல்லி டயரைக் கழற்றி யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, வண்டி கனக்கிறது என்று எனக்கு எழுதுகிறாயே, நியாயமா? முதலில் அதை மாற்று. பழைய அளவில் டயர் போடு, காற்று சரியாக வை. முன்சக்கரம் திரும்புகிற கிங்பின்னுக்கு எப்போது கிரீஸ் அடித்தாய்? மணியண்ணன் மகனை விட்டு ஸ்டீயரிங் பாக்ஸில் ஆயில் பார்க்கச் சொல், அலைன்மெண்ட் பார்க்கச் சொல். அதன் பிறகும் கனத்தால் பையன் சொன்ன மோட்டாரைப் போட்டுவிடு. பழைய ஸ்டீயரிங் ராடைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் போடு. உன் வண்டியில் 911இல் இருக்கிற மாதிரி ராக் (பல்சட்டம்) கிடையாது, ஸ்டீயரிங் பாக்ஸ்தான், ஏற்கெனவே பேச்சு குறைவு, மோட்டாரும் சேர்ந்தால் இன்னும் குறையும். பரவாயில்லை. நீ ஓட்டாமல் விடுவதை விட அது மேல்.

தோளைப் பற்றி இரண்டு வரியில் எழுதிவிட்டு டயரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. கை தலைக்கு மேல் போகிறதா? ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா? எலும்பு டாக்டரைப் பார்த்தாயா இல்லை தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா? குண்டன் முதுகு வலியை இப்படித்தான் தள்ளிப் போட்டான், நினைவிருக்கிறதல்லவா. இந்த வாரமே போ. போய்விட்டு வந்து தங்கச்சியை எனக்குப் போன் பண்ணச் சொல், உன் வார்த்தையை நான் நம்புவதாக இல்லை.

67க்கு வருஷத்தில் சில மாதம் மட்டும் ஓட்டுவதற்கான நம்பர் பிளேட், அக்டோபரோடு அதன் காலம் முடிகிறது, ஏப்ரல் வரை கராஜில் தூங்கும். பெரியவர் அதை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார். வாங்குகிறவன் கண்ணாடிக் கூடத்தில் நிறுத்தி வைத்துவிடுவானோ என்பதுதான் அவருக்குக் கவலை. நேற்று சாயங்காலம் பேட்டரியைக் கழற்ற நான்தான் போய் உதவினேன். முன்பக்கத்தைத் திறந்தபோது, பம்பர் ஓரத்து இரும்புக் கட்டியைக் காலால் தட்டி, "இதை மட்டும் யாரும் கழற்றிவிடக் கூடாது" என்றார்.

டயர் மாற்றின அன்றைக்கே எழுது. கோத்தகிரி வரை போக வேண்டாம், மேட்டுப்பாளையம் வரை போய்த் திரும்பினால் போதும்.

அன்புடன்,
ராஜு