முதல் வீட்டுக்கும் நாலாவது வீட்டுக்கும் ஒரே பத்திரச் செலவா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் வீட்டு விளம்பரங்களைத் தவறாமல் படிக்கிறவன் நான். 'வாடகையாகக் கொடுக்கும் காசைத் தவணையாகக் கட்டுங்கள், வீடு உங்களுக்கே சொந்தம்' என்ற மாதிரி ஒரு வரி அதில் எங்காவது இருக்கும். அதை நம்பி இரண்டு வருஷமாக கொரட்டூர், பாடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். தவணை கட்ட என்னால் முடியும், அதில் எனக்குப் பிரச்சினையே இல்லை. முதல் தவணை ஆரம்பிப்பதற்கு முன்னால் கையிலிருந்து எண்ணி வைக்க வேண்டிய தொகைதான் பிரச்சினை. அதைப் பற்றி எந்த விளம்பரத்திலும் ஒரு வரி கிடையாது, அரசாங்கமும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 78,000 கைக்கு வருகிறது. வாடகை 17,000. வங்கிச் சேமிப்பு, சீட்டு எடுத்தது, மனைவி நகையை அடகு வைத்தால் கிடைப்பது எல்லாவற்றையும் கூட்டினால் பன்னிரண்டரை லட்சம் தேறும். அப்பா சொத்து, ஊரில் நிலம் எதுவும் கிடையாது.

இந்த வருஷ ஆரம்பத்தில் கொரட்டூரில் ஒரு பழைய ஃபிளாட் அமைந்தது. கட்டி 22 வருஷம், இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, 640 சதுர அடி, யு.டி.எஸ். (நிலத்தில் நம் பங்கு) 310. சமையலறையில் இரண்டு பேர் ஒன்றாக நின்றால் ஒருத்தர் வெளியே வந்துதான் இன்னொருத்தர் திரும்ப முடியும். ஆனால் ஸ்டேஷன் நடக்கிற தூரம், பிள்ளையின் பள்ளிக்கூடம் பக்கம், தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரைக்கும் சுத்தம், பிளானில் இருக்கிறபடியே கட்டடமும் இருந்தது. கடைசியாகச் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு முன்னால் பாடியில் பார்த்த ஒரு வீடு அப்ரூவ்டு பிளானிலேயே இல்லை, மாடியே கூடுதலாக எழுப்பியது, வங்கியில் சிரித்துக்கொண்டே ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொன்றில் மதிப்பீடு செய்ய வந்த இன்ஜினியர் வண்டிச் சாவியால் சன்ஷேடைத் தட்டினார், சிமென்ட் பொலபொலவென்று கீழே கொட்டியது, 'பெயின்ட்தான் சார்' என்றார் ஓனர்.

சரி, கொரட்டூர் வீட்டுக்கு வருவோம். விலை 46 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படியானால் 36 லட்சத்து 80 ஆயிரம் கடன், மீதி 9 லட்சத்து 20 ஆயிரம் என் கையிலிருந்து. இதுவரைக்கும் எனக்குத் தாங்கும். இப்போதைய வட்டியில் இருபது வருஷத்துக்குத் தவணை மாதம் 30,000 வரும், இறுக்கிப் பிடித்தால் கட்டிவிடலாம். (2021இல் கடன் வாங்கிய என் கம்பெனி நண்பர், 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி) 4 சதவீதத்திலிருந்து ஆறரைக்குப் போனதில் தவணை எண்ணிக்கை எகிறி, 'ரிட்டயர் ஆன பிறகும் கட்டணும்பா' என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். அந்தக் கதை வேறு.)

அதன் மேல் பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 46 லட்சத்துக்கு 4 லட்சத்து 14 ஆயிரம். இதற்கு வங்கி வீட்டுக்கடனில் ஒரு பைசா தராது, இந்த விலை வீடுகளுக்குப் பத்திரச் செலவை மதிப்போடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். அப்புறம் தரகருக்கு ஒரு சதவீதம், வக்கீல் ஒப்பினியன், பிராசஸிங், பத்திரம் எழுதுகிற செலவு எல்லாம் சேர்த்து ஒரு 86,000. கூட்டினால் 14 லட்சத்து 20 ஆயிரம், என் கையிருப்பைவிட 1 லட்சத்து 70 ஆயிரம் கூடுதல். மச்சானிடம் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் விஷயம் அங்கே நிற்கவில்லை. ஓனர் பத்திரத்தில் 38 லட்சம்தான் போடுவேன் என்றார். முழு விலையும் போட்டால் எனக்கு வரி வரும், மீதி எட்டைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் பத்திரச் செலவு குறையும்தானே என்று நல்லது சொல்கிற மாதிரியே சொன்னார். பத்திரச் செலவு குறையும்தான், 72,000 ரூபாய். ஆனால் வங்கி 38 லட்சத்துக்குத்தான் கணக்குப் பார்க்கும், கடன் 30 லட்சத்து 40 ஆயிரமாக இறங்கிவிடும். நான் கையிலிருந்து போட வேண்டியது 15 லட்சத்து 60 ஆயிரம், அதன் மேல் பத்திரம் 3 லட்சத்து 42 ஆயிரம், மற்ற செலவு, எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 20 லட்சம். வீட்டு விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, தவணைகூட 25,000 என்று குறைந்துவிட்டது, ஆனால் வீடு என் கைக்கு எட்டாமல் போய்விட்டது. கறுப்பு வெள்ளை என்று ஊரெல்லாம் பேசுகிறோமே, அதில் முதலில் அடிபடுகிறவன் கடனை நம்பி முதல் வீடு வாங்க வருகிறவன்தான், ஏற்கெனவே கையில் ரொக்கம் வைத்திருப்பவனுக்கு அது ஒரு தொந்தரவே இல்லை.

நான் யோக்கியன் வேஷம் போடவில்லை. என்னிடம் எட்டு லட்சம் ரொக்கம் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பேனோ என்னவோ.

சேமித்துவிட்டு வாங்கலாமே என்பார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் இதே மாதிரி வீட்டுக்கு 34 லட்சம் கேட்டார்கள், அப்போது என்னிடம் நாலு லட்சம் இருந்தது. இந்த ஐந்து வருஷத்தில் தியேட்டருக்குப் போனதைக்கூட விரல் விட்டு எண்ணிவிடலாம், எட்டரை லட்சம் சேர்த்தேன், வீடு பன்னிரண்டு லட்சம் ஏறிவிட்டது. கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் போனால், அங்கே 2024 நவம்பரில் டைடல் பார்க் திறந்ததைக் காட்டித்தான் தரகர்கள் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். மற்ற இடங்களில் மெட்ரோ. தரகர் வாயில் மெட்ரோ வராத தெரு சென்னையில் இல்லை.

என் பெரிய மாமா பெரம்பூரில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். 1977இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய மெட்ராஸ் நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, ரோடு, தண்ணீர், சாக்கடை போட்டு, மாதத் தவணையில் கொடுத்தார்கள். மாமாவுக்கு வில்லிவாக்கத்தில் ஒன்று கிடைத்தது. முதலில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே அறை, அத்தை நகையை வைத்து இரண்டாவது அறை, போனஸ் வந்த வருஷம் தளம், மகன் வேலைக்குப் போன பிறகு மாடி. மொத்தமாகப் பெரிய தொகையை ஒரே நாளில் எண்ணி வைக்கச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. என்னைவிடக் குறைந்த வசதிக்காரர்தான் அவர். இன்றைக்கு அந்த அளவு மனையை யார் பிரித்துத் தருகிறார்கள்? ஹவுசிங் போர்டு இப்போது கட்டி விற்கிற ஃபிளாட்டுகளின் விலைப் பட்டியலைப் பார்த்தால் எனக்குத் தனியார் பில்டர் ஞாபகம்தான் வருகிறது.

சலுகையே இல்லை என்று சொல்லமாட்டேன், இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து புதிய அடுக்குமாடி வீட்டை பில்டரிடமிருந்து முதல் விற்பனையில் வாங்கினால், 50 லட்சம் வரைக்கும் முத்திரைத்தீர்வை 4, பதிவு 2, ஆக 6 சதவீதம் போதும். நல்லது. ஆனால் அந்த விலைக்குப் புது ஃபிளாட் எங்கே இருக்கிறது, ஊருக்கு வெளியே. கையில் காசு குறைவாக இருக்கிறவன் ஊருக்குள் பழைய வீட்டைத்தான் தேடுவான், அவனுக்கு 9 சதவீதம். புது வீடு வாங்க முடிந்தவருக்கு ஆறு, முடியாதவருக்கு ஒன்பது, இது என்ன கணக்கு என்று கணக்குப்பிள்ளை எனக்கே புரியவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு, அதற்கு உச்சவரம்பு 10 லட்சம். கிராமத்தில் மனை வாங்குகிறவர்களுக்கு உதவும், குறை சொல்லவில்லை, கொரட்டூரில் 10 லட்சத்துக்கு கார் ஷெட்கூட வராது. மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0வில் வட்டி மானியம் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை உண்டு, வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். என் வருமானம் 9 லட்சத்து 36 ஆயிரம். அந்த 36,000 ரூபாயால் நான் பணக்காரன் ஆகிவிட்டேன். ஆகாமல் இருந்திருந்தாலும் 46 லட்ச வீட்டுக்கு அது கிடைக்காது, கிடைத்தாலும் அந்த மானியம் வீடு வாங்கிய பிறகு ஐந்து வருஷத் தவணையாகத்தான் வரும், பத்திர ஆபீஸ் வாசலில் நிற்கிற அன்றைக்கு வராது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். 50 லட்சத்துக்குள் முதல் வீடு வாங்குகிற குடும்பத்துக்கு, புது வீடோ பழைய வீடோ, முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 4 சதவீதம் என்று வையுங்கள், உண்மை விலையைப் பத்திரத்தில் போட்டால்தான் இந்தச் சலுகை என்று நிபந்தனையும் போடுங்கள். என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: 9 லட்சத்து 20 ஆயிரம், பத்திரம் 1 லட்சத்து 84 ஆயிரம், மற்றவை 86,000, ஆக 11 லட்சத்து 90 ஆயிரம். என்னிடம் இருக்கிற பன்னிரண்டரைக்குள் அடங்கிவிடுகிறது, மச்சானிடம்கூடப் போக வேண்டாம். ஓனர் அப்போதும் முரண்டு பிடிக்கலாம், அவருடைய வரிப் பயம் ஒரு நாளில் போய்விடாது. ஆனால் வாங்க வருகிற பத்து பேரில் ஆறு பேர் 'முழு விலையும் போட்டால்தான் வாங்குவேன்' என்று நிற்கும்போது அவரும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் வீடுதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதிகாரிகள் கேட்கலாம். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் நிரந்தரமான பக்கா வீடு இல்லை என்று அதே பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துக்கு எழுதி வாங்குகிறார்களே, அதையே இதற்கும் வாங்கட்டும். பொய் சொன்னால் இரண்டு மடங்கு பிடிக்கட்டும். வருமானம் போய்விடுமே என்றால், சிங்கப்பூரில் குடிமகனே ஆனாலும் இரண்டாவது வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி 20 சதவீதம், மூன்றாவதற்கு 30, முதல் வீட்டுக்கு அந்தக் கூடுதல் வரி கிடையாது. அவ்வளவு வேண்டாம், மூன்றாவது வீட்டிலிருந்து ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றினாலே போதும். 2017இல் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கிற நில விலையை) 33 சதவீதம் குறைத்துவிட்டு பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 ஆக்கினார்கள், 2023இல் பழைய மதிப்பைத் திரும்பக் கொண்டுவந்து 4ஐ 2 ஆக்கினார்கள். மாற்ற நினைத்தால் ஒரே அரசாணையில் மாற்றிவிடுகிறார்கள் என்று தெரிகிறது.

கொரட்டூர் வீடு போய்விட்டது. வாங்கியவருக்கு அது நாலாவது வீடு என்று தரகரே சொன்னார், ஓனர் கேட்டபடியே ரொக்கமும் கொடுத்தாராம். அவரும் 9 சதவீதம்தான் கட்டியிருப்பார். நேற்று சாயங்காலம் அதே தரகர் போன் பண்ணினார். "சார், நீங்க பாத்தீங்களே ரெண்டாவது மாடி, அது இப்ப வாடகைக்கு வந்திருக்கு, பெயின்ட் அடிச்சு ஜம்முனு இருக்கு, பத்தொன்பதாயிரம், பத்து மாச அட்வான்ஸ், உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்றார். வேறு மாதிரி ஒப்பந்தம் போடாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று வாடகைச் சட்டத்தில் இருக்கிறதே என்றேன். சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடம் பக்கம் என்று மனைவி சொல்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாடகைதாரர்,
கொரட்டூர், சென்னை.